நன்றியுரை: சு. ஆவுடையப்பன்

ஜூன் 8, சனி

பொருநை அறிவரங்கத்தின் மாதக் கூட்டம் இன்று. கோயம்புத்தூரிலிருந்து வந்த வானியல் பேராசிரியர் 'நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன' என்ற தலைப்பில் பேசினார். பேசினார் என்றால் வாயை அசைத்தார். இந்தக் காலத்துப் படிப்பாளிகளுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. எல்லாம் தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மைக் வேறு சரியில்லை. புதுச் செயலாளர் ஜன்னத்திடம் சித்திரை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற பெண். தலையை மட்டும் நன்றாக ஆட்டுகிறாள்.

இதனாலெல்லாம் என் நன்றியுரைக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சைக் கேட்டுவிட்டு நன்றி சொல்வது கத்துக்குட்டிகள் செய்கிற வேலை. நான் புதன்கிழமையே எழுதி முடித்துவிடுவேன். பேச்சாளரின் பெயரும் தலைப்பும் கையில் இருந்தால் போதாதா? பாளையங்கோட்டையில் இந்த அரங்கம் தொடங்கி இருபத்தைந்து வருஷமாகிறது. ஒரு மாதம் அறிவியல், மறுமாதம் வரலாறோ இலக்கியமோ, இரண்டாம் சனிக்கிழமை தோறும் கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம். தலைவர்கள் மாறினார்கள், செயலாளர்கள் மாறினார்கள். அழைப்பிதழின் கடைசி வரி மட்டும் மாறவில்லை. 'நன்றியுரை: சு. ஆவுடையப்பன், வணிகவரித்துறை (ஓய்வு).'

நன்றியுரைக்குப் பிறகுதான் தேநீர் என்ற விதியும் நான் கொண்டுவந்ததே. முன்பெல்லாம் பேச்சாளர் கும்பிட்ட கையோடு சனம் டீ வாளியைப் பார்த்து ஓடும். நான் காலி நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது ஒருவரும் வாசலைத் தாண்டுவதில்லை. நான் மைக்கைப் பிடித்துவிட்டால் குண்டூசி விழுந்தாலும் கேட்கும், அப்படியொரு அமைதி. டீ போடுகிற மாசானம்கூட அடுப்படி வாசலில் வந்து நின்று என் முதல் வரியைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறான். ரசனைக்குப் படிப்பு எதற்கு!

ஜூன் 9, ஞாயிறு

மகள் செண்பகா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். சிக்னல் மகா மோசம். 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லி வைத்துவிட்டேன். அதிலிருந்து கோமதி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

மாடி வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். வயதானவர்கள் செய்தி கேட்பதுகூட இந்த ஊரில் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

பருப்பு தீய்ந்து குக்கர் அடி கரியாகிவிட்டது. கோமதி கடைக்குப் போகும்போது மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லியிருந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. வாஷர் போயிருக்கும். சொன்னால் கோபித்துக்கொள்கிறாள்.

ஜூலை 10, புதன்

சனிக்கிழமைக்கான நன்றியுரை தயார். பேச்சாளர் தொல்லியல் அறிஞர் முனைவர் இளஞ்சேரல். தலைப்பு 'முதுமக்கள் தாழிகள்'. 'ஐயா, தாங்கள் இறந்தவர்களோடு பேசுகிறவர்' என்று ஒரு வரி வந்து விழுந்திருக்கிறது. எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாசித்தேன்.

ஜூலை 13, சனி

இருபத்தைந்து வருஷத்தில் இப்படியொரு வரவேற்பை நான் பார்த்ததில்லை. 

கூட்டம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. மைக்கில் ஜன்னத் ஏதோ நீளமாக அறிவித்தாள். எனக்கு அந்த நேரத்தில் கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம் இருந்தது. இளஞ்சேரல் நான் நினைத்ததைவிட வயதானவர், நல்ல கோட்டு போட்டிருந்தார். படம் கிடம் எதுவும் காட்டாமல் இடுப்புக்குப் பின்பக்கம் கையை வைத்து வைத்துப் பேசினார். தாழிக்குள் பிணத்தை எப்படி உட்கார வைப்பார்கள் என்று விளக்குகிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு நான் எழுந்தேன். 'ஐயா, தாங்கள் இறந்தவர்களோடு பேசுகிறவர்' என்றதும் முன்வரிசை அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. 'தங்கள் கைபட்டு மண்ணுக்கு மேலே வந்தவர்களைவிட, இன்னும் மண்ணுக்குள்ளேயே தங்களுக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்' என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு எழும்பிற்று பாருங்கள், எனக்கே கேட்டது! 'உயிரோடு இருக்கிற எங்களுக்குத் தங்களிடம் வேலையில்லை. ஆனாலும் ஒருநாள் எல்லோரும் தங்களிடம்தான் வந்தாக வேண்டும்' என்று முடித்தேன். பின்வரிசையில் ஆண்களும் பெண்களும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பேச்சாளர் பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் ஞானதுரை மட்டும் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலைமையுரைக்கு ஒருநாளும் இப்படிக் கைதட்டல் விழுந்ததில்லை. பொறாமை என்று நான் எழுதமாட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைய பேப்பரைப் பார்த்து ரத்தம் கொதித்தது. 'சிறுநீரகம் காப்போம்: அறிவரங்கத்தில் டாக்டர் சாலமோன் பேச்சு' என்று போட்டிருக்கிறார்கள். எந்த நிருபனோ வேறு எந்தக் கூட்டத்திலோ போய் டீ குடித்துவிட்டு நம் அரங்கத்தின் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறான். இப்படியே விட்டால் நாளைக்குச் சரித்திரம் என்னவாகும்? ஆசிரியருக்கு ஒரு கடுமையான மறுப்பு எழுதி, தபாலில் போடப் புறப்பட்டேன்.

கோமதி வாசலில் குறுக்கே நின்றாள். ஏதோ சொன்னாள். நான் செருப்பை மாட்டினேன். அவள் என் காதருகே வந்து கத்தினாள்.

"கிட்னி டாக்டருங்க! பேசினது கிட்னி டாக்டரு! தாழிக்காரருக்கு மேலுக்குச் சொகமில்லன்னு ஜன்னத் பொண்ணு மைக்குல சொல்லிச்சாம், பால்காரரு வந்து சொல்லிச் சிரிக்காரு. ஊரே சிரிக்கி!"

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

'ஒருநாள் எல்லோரும் தங்களிடம்தான் வந்தாக வேண்டும்.' நோயாளிகள் நாலு பேராவது அங்கே இருந்திருப்பார்கள்.

ஜூலை 15, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

செயற்குழு. டிசம்பரில் வெள்ளிவிழாக் கருத்தரங்கம், இரண்டு நாள், பொருள் 'உப்பு'. வேதியியல்காரர், மருத்துவர், வரலாற்றுக்காரர், சமூகவியல்காரர் என்று எல்லாத் துறையினரும் உப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஜன்னத்தின் யோசனை. நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். உப்பு என்றதுமே என் மனத்தில் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நன்றியுரையின் தொடக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்து என்னைக் 'கௌரவ ஆலோசகர்' ஆக்குவதாக ஒரு தீர்மானம். அரசாங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான். கௌரவம் என்று ஒருவன் பக்கத்தில் வந்தால் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். முடியாது என்றேன். ஞானதுரை நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"வே ஆவுடையப்பன், நேராவே சொல்லுதேன். ஒம்ம காது ஒமக்கு முந்தியே ரிட்டயர்டு ஆயிட்டு. அதைப் போய்க் காட்டும். காட்டி, மிஷின் வச்சிட்டு வந்தீர்னா வெள்ளிவிழாவுக்கு நீருதான் நன்றியுரை. இல்லேன்னா மைக்க அந்தப் புள்ளைகிட்ட குடும்."

"எனக்கு ஒங்க எடத்துல பேச இஷ்டமே இல்ல சார்" என்றாள் ஜன்னத், அதுவும் கத்தித்தான். அறையில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். என்னிடம் எவ்வளவு நாளாக இப்படிக் கத்துகிறார்கள்?

மைக் சரியாகத்தான் இருக்கிறதாம். ஞானதுரை போகிற போக்கில் சொன்னார்.

ஆகஸ்ட் 10, சனி

இந்த மாத அழைப்பிதழ் வந்திருக்கிறது. கடைசி வரி: 'நன்றியுரை: பேராசிரியர் ஜன்னத்.' எழுத்தளவுகூட நமக்குப் போட்டதைவிடப் பெரிதாக இருக்கிறது.

கூட்டத்துக்குப் போகவில்லை. ஜங்ஷனில் போய் வேண்டாத ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை நடையில் டாக்டர் சாலமோன் எதிரே வந்துவிட்டார். மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். என் இடுப்பளவுகூட இல்லாத மரம். மனிதர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு வாய் வைத்துச் சொன்னார்:

"சார், நான் இருவது வருஷமாச் சொல்லியும் தண்ணி குடிக்காத ஆளெல்லாம், நீங்க அன்னைக்குப் பேசினதுக்குப் பெறகு பயந்துபோய்க் கொடங்கொடமாக் குடிக்காங்க. ஒங்களுக்கு நான்தான் நன்றியுரை சொல்லணும்."

சிரித்தார். கேலியாகத் தெரியவில்லை, அதுதான் இன்னும் வேதனை. அவருக்குத் தெரிந்த காது டாக்டர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். குனியக் குனியக் குட்டுகிறவர்கள் உண்டு. இவர் நிமிர்த்திவிட்டுக் குட்டுகிறார்.

அக்டோபர் 21, திங்கள்

காதுப் பரிசோதனை. கோமதி கூட வந்தாள். செண்பகா ஜூனிலேயே போனில் இதற்குத்தான் சம்மதம் கேட்டாளாம். நான்தான் 'சரிம்மா' என்றேனே!

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் எதையோ மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே ஒரு பெண் பொத்தானை அமுக்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் விரல் அசையும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். ஒன்றைக்கூட விடவில்லை. எத்தனை வியாபாரிகளின் கணக்கைக் கண்ணை வைத்தே பிடித்தவன்! டாக்டரம்மா ஏட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு இருபது வயசுப் பையனின் காது என்றார்கள். கோமதி எழுந்து போய் என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

அதற்குப் பிறகு நான் கையைத் தூக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

நவம்பர் 6, புதன்

காது மிஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கிறது. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பேப்பரைப் புரட்டினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். குளிர்சாதனப் பெட்டி ஓயாமல் முனகுகிறது. என் செருப்பு இவ்வளவு காலமாக இப்படி இழுபட்டுக்கொண்டா இருந்தது? ஒருமணி நேரத்தில் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். 

கோமதியிடம் 'விழாவன்றைக்கு மாட்டிக்கொண்டால் போதும்' என்றேன். அவள் எதுவோ சொன்னாள். டப்பாவில் இருந்ததால் கேட்கவில்லை.

நவம்பர் 20, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் பழகிப் பார்க்கலாம் என்று, அவளிடம் சொல்லாமல் மிஷினை மாட்டிக்கொண்டு பேப்பருடன் உட்கார்ந்தேன். கோமதி அடுக்களையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். வேலைக்காரப் பெண் வந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே அவள் மட்டும்தான்.

"முட்டி ரெண்டு நாளா ஒரே கொடைச்சலா இருக்குங்க. எண்ணெ தேச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "தேய்யி கோமு, நான் வேணா தேச்சுவிடுதேன்" என்று அவளே சொன்னாள். என் குரலில்! அந்த இழுவை, நடுவில் நான் செருமுகிற செருமல்கூட அப்படியே இருந்தது.

"மதினி பேத்திக்கு வளைகாப்பு. நாம போணும்லா?"

"போவோம். நீ அந்த மாம்பழக் கலர்ச் சேலையக் கட்டிக்க."

"காப்பி போடட்டா ஒங்களுக்கு?"

"அவசரமில்ல, நீ மொதல்ல குடி."

இந்தக் கடைசிப் பதிலைச் சொல்லிவிட்டு ஒரு டம்ளரில் ஊற்றினாள். அவள் குடிக்கிற சத்தம் கேட்டது.

நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனா என்றுகூடத் தெரியாது. அவள் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லாமலிருந்து எத்தனை காலமாயிற்றோ, அவளாகவே என்னை வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அடுக்களையில் இருக்கிற அந்த ஆவுடையப்பன் நல்ல மனுஷன். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சேலை நிறம் ஞாபகம் வைத்திருக்கிறவன். 'நீ மொதல்ல குடி' என்று நான் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. அவன்மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சிறிது நேரம் கழித்துக் காப்பி வந்தது. எப்போதும் போல ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 14, சனி

கருத்தரங்கம், முதல் நாள். அழைப்பிதழின் கடைசி வரிக்கு நான் திரும்பிவிட்டேன். கோமதியும் வந்திருந்தாள், மாம்பழ நிறச் சேலையில்.

காலையிலிருந்து மிஷினோடு உட்கார்ந்து அத்தனை பேச்சையும் கேட்டேன். உப்புக்காக நடந்த சண்டைகளைப் பற்றி ஒருவர், உப்பின் படிகத்தைப் பற்றி ஒருவர். கடைசியாக டாக்டர் சாலமோன், உப்பும் சிறுநீரகமும். நன்றாகவே பேசினார். எந்தப் பேச்சாளரும் வாய்க்குள் பேசவில்லை.

பிறகு நான் எழுந்தேன். பதினோரு பக்கம். இரண்டு மாத உழைப்பு. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள் நம் முன்னோர்' என்று தொடங்கினேன்.

"ஆரம்பிச்சுட்டாருய்யா."

மூன்றாவது வரிசையிலிருந்து கேட்டது. அடுத்து நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒருவர் போனில் வீட்டுமனை விலை பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் மருமகளைப் பற்றி. யாரோ கொட்டாவி விட்டார், அதற்கு இன்னொருவர் பதில் கொட்டாவி. பின்னால் ஒரு கூட்டமே எழுந்து நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில், மேடையிலேயே, ஞானதுரை சாலமோனிடம் பல்வலிக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சந்தைக்கடை தேவலை.

இதுதான் அந்த அமைதி. குண்டூசி அல்ல, உலக்கை விழுந்திருந்தாலும் அங்கே ஒருவருக்கும் கேட்டிருக்காது. என் காதுக்குள் இருந்த அமைதியை அரங்கத்தின் அமைதி என்று எண்ணி இத்தனை வருஷம் கும்பிடு போட்டிருக்கிறேன்.

நிறுத்தவும் தெரியவில்லை. வாசித்துக்கொண்டே போனேன். அந்த இரைச்சலுக்குள் ஒரே ஒரு குரல் மட்டும் மறுபடி மறுபடி கேட்டது. முன்வரிசையிலிருந்து பின்னால் திரும்பிக்கொண்டு:

"கொஞ்சம் சும்மா இருங்களேன். அவுக பேசுதாகல்லா?"

ஒருவரும் அவளுக்கும் அடங்கவில்லை.

வெளியே வரும்போது மாசானம் டீயை நீட்டினான். "ஒரு விஷயம் கேட்கிறேன், மாசானம். மாதாமாதம் என் முதல் வரியை வந்து கேட்கிறாயே, ஏன்?" என்றேன்.

"அது வந்து அண்ணாச்சி, நீங்க மைக்கப் புடிச்சாத்தான் நான் பால அடுப்புல வைப்பேன். முன்னக்கூட்டி வச்சா ஆடை கட்டிப் போவுது. நீங்க முடிக்கதுக்கும் பால் பொங்குததுக்கும் அப்படியே சரியா இருக்கும். ஒருநாளும் தப்புனதில்ல."

பெருமையாகத்தான் சொன்னான். டீ நன்றாகவே இருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் கோமதி என் முகத்தைப் பார்த்தாள். மிஷின் டப்பாவைப் பார்த்தாள்.

"வேணும்னா இன்னைக்குக் கழட்டி வச்சுட்டுப் போங்களேன். நேத்துவரைக்கும் சந்தோசமாத்தான இருந்தீக."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை வெள்ளிவிழாவாகத் தெரியுமோ. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். கழற்றிவிட்டுப் போனால் இன்றைக்கும் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். எழுதின பக்கங்கள் பையில் இருக்கின்றன. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

மாட்டிக்கொண்டேன். ஏனென்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீறாப்புதான் பாதி.

கடைசிப் பேச்சு தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த முத்துச்செல்வி என்ற ஆய்வாளப் பெண்ணுடையது. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களைப் பற்றிப் பேசினாள். அவள் அம்மாவே உப்பளத்தில் வேலை பார்த்தவளாம். உச்சி வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைப் பறிக்கும், அதனால் பாதிக் கண்ணை மூடிக்கொண்டேதான் வேலை செய்வார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று குரலை வைத்துத்தான் கண்டுகொள்வார்கள் என்றாள். பேச்சு நின்றுவிட்டால் பக்கத்தில் ஆள் இருக்கிறாளா, மயங்கி விழுந்தாளா என்று தெரியாது. அதனால் பொழுதுக்கும் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்களாம். அவள் அம்மா வீட்டுக்கு வந்தபிறகும் கண்ணை மூடிக்கொண்டே பேசுவாளாம்.

நான் மைக் முன்னால் போய் நின்றேன். நாற்காலிகள் இழுபடத் தொடங்கின. அடுப்படி வாசலில் மாசானத்தின் தலை தெரிந்தது, உடனே உள்ளே போயிற்று. பையில் கைவிட்டுத் தாள்களைத் தொட்டேன். அதில் 'உப்பளத் தாய்மார்களின் வியர்வையே முத்து' என்று ஒரு வரி இருந்தது. எழுதினபோது நன்றாகத்தான் இருந்தது.

"முத்துச்செல்வி, நீங்க பேசினது முழுசும் எனக்குக் கேட்டுது. அதுக்கு நன்றி" என்றேன். "ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவங்க என்ன பேசிக்கிடுவாங்க?"

அவ்வளவுதான் சொன்னேன்.

அரங்கம் சட்டென்று நின்றுபோனது. பாதி எழுந்தவர்கள் பாதியிலேயே நின்றார்கள். ஞானதுரை என்னையே பார்த்தார், எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அந்த நிசப்தத்தில் அடுப்படியிலிருந்து மாசானத்தின் அலறல்:

"எய்யா, முடிச்சிட்டாரா? இப்பத்தானய்யா பால வச்சேன்!"

டீ இல்லை. போக வழியில்லை, என் விதிதான். சனம் மறுபடி உட்கார்ந்தது. உட்கார்ந்ததால் பதிலைக் கேட்டது.

"பெருசா ஒண்ணுமில்ல சார்" என்றாள் அந்தப் பெண். "இன்னைக்கு வீட்டுல என்ன கொழம்பு, பிள்ள பள்ளிக்கூடம் போச்சா, முட்டிவலி கொறஞ்சுதா, அதுதான். பதில் வந்தாப் போதும். பதில்ல என்ன இருக்குன்னு பெருசாக் கேக்க மாட்டாக."

பிறகு பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, தன் தாயாரும் அப்படித்தான் என்றார். உப்பளத்துப் பெண்கள் தண்ணீர் குடிக்க எங்கே போவார்கள் என்று சாலமோன் கேட்டார். வேதியியல்காரர் வரலாற்றுக்காரரோடு சண்டை பிடித்தார். பால் பொங்கி, டீ ஆறி, மாசானம் இரண்டாம் தடவை சுடவைத்தும் பேச்சு முடியவில்லை. அரங்கத்தின் சரித்திரத்திலேயே சிறந்த கூட்டம் என்று ஜன்னத் என்னிடம் வந்து சொன்னாள். கத்தாமல் சொன்னாள்.

என் நன்றியுரையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியொன்று நடந்ததாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. மாசானம் மட்டும் மனத்தாங்கலாக இருக்கிறான். இனிமேல் எப்போது பாலை வைப்பது என்று தனக்கு யார் சொல்லுவார்கள் என்று கேட்கிறான்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே எழுப்பிவிட்டது. இத்தனை வருஷம் இதிலிருந்து தப்பித்திருக்கிறேன் என்பது இன்றுதான் தெரிகிறது.

பேப்பரோடு உட்கார்ந்தேன். மிஷின் காதில்தான் இருந்தது. நேற்று வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டேன் என்று கோமதி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுக்களையில் பாத்திரம் உருளுகிற சத்தம். தனக்குத்தானே கோயில் பாட்டோடு கூடவே முணுமுணுத்தாள், ராகம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று.

"மழ வாரமாதி இருக்குங்க. கொடில கெடக்க துணியெல்லாம் உள்ள எடுத்துரட்டா?"

நான் பொறுத்திருந்தேன்.

"எடுத்துரு கோமு" என்றாள் என் குரலில்.

"காப்பி போடட்டா ஒங்களுக்கு?"

பதில் சொல்ல அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவளுக்கு முந்திக்கொண்டேன். மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறேன். இதற்கு நாக்கு புரளவில்லை, நடுவில் செருமல் வேறு வந்துவிட்டது.

"அவசரமில்ல. நீ மொதல்ல குடி."

அடுக்களையில் எல்லாச் சத்தமும் நின்றது. பாத்திரம் இல்லை, பாட்டு இல்லை. குண்டூசி விழுந்தாலும் கேட்கும்.

விழுந்தது டம்ளர்.